ராஜாவுக்குப் பயந்தவர்களும் தெருவுக்குப் பயந்தவர்களும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நம் அரசியல் சட்டத்துக்குள் ஒரு பிரெஞ்சு ஒயின் வியாபாரி உட்கார்ந்திருக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. எனவே சினிமா, கிரிக்கெட், மூட்டுவலி ஆகிய துறைகளுக்கு இந்த முறை விடுமுறை.

நம் அரசியல் சட்டம் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவவாதிகளைப் பார்த்து எழுதப்பட்டது என்கிறார் எங்கள் பேராசிரியர். உண்மையா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பாதி உண்மை, தம்பி. பரீட்சையில் மட்டும் முழு உண்மை என்றே எழுதிவிடுங்கள். மார்க் போடப்போகிறவர் அவர்.

ஆட்சி நடக்கிற எந்திரத்தைப் பார்த்தால் அது லண்டன் சரக்கு. ஆளுநர், மத்திய – மாநில அதிகாரப் பட்டியல்கள், அவசரநிலை, தேர்வாணையம் என்று பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்தது. அம்பேத்கர் இதை மறைக்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை அரசியல் நிர்ணய சபையின் முன்வைத்துப் பேசும்போது, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை, கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். 1935 சட்டத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாகப் போயினவே என்பதுதான் அவருக்கு இருந்த வருத்தம்.

ஆனால் இந்த எந்திரம் யாருக்காக ஓட வேண்டும் என்று கேட்டால் லண்டன் சட்டத்தில் பதில் கிடையாது. அங்கேதான் உங்கள் பேராசிரியர் சொல்வது சரியாகிறது. அதே உரையில் அம்பேத்கர், இந்த வரைவு கிராமத்தைத் தள்ளிவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டது தமக்கு மகிழ்ச்சி என்றார். கிராமம் என்பது அறியாமையின் குகை என்ற பொருளில் அவர் சொன்னதைக் கேட்டுச் சபையில் பலர் கொதித்தார்கள். காந்தி இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அவர் கனவே கிராமம்தான். பிற்பாடு சமாதானமாக 40ஆம் பிரிவில் பஞ்சாயத்துகளுக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். அலகு மாறவில்லை. சாதி, குலம், ஊர், மதம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒற்றை மனிதர் நிற்கிறார், அவருக்கு உரிமை உண்டு, அரசு அவருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டது. அறிவொளிக் காலம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கிற அந்த நூற்றாண்டின் சாரம் இதுதான்.

மைசூரிலிருந்து வந்த உறுப்பினர் ஹனுமந்தையாவுக்கு இது பிடிக்கவில்லை. வீணை அல்லது சிதார் கேட்க ஆசைப்பட்டோம், இங்கே இங்கிலீஷ் பேண்டு வாசிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். அழகான வரி. இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த பேண்டு இங்கே எத்தனை காலமாக வாசித்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பூனாவில் சாதியை எதிர்த்துப் போராடிய ஜோதிராவ் புலே, தாமஸ் பெயினின் மனித உரிமைகள் நூலைப் படித்தவர். 1873இல் தம்முடைய குலாம்கிரி என்ற நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். சென்னையில் 1880களில் இலௌகிக சங்கத்தார் தத்துவ விவேசினி என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தி ஐரோப்பியப் பகுத்தறிவாளர்களை மொழிபெயர்த்துப் போட்டார்கள். பாரதி 1906இல் பொறுப்பேற்ற இந்தியா வார இதழின் முகப்பில் இருந்த முழக்கமே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். 1928இல் நேரு அறிக்கை, 1931இல் கராச்சித் தீர்மானம் என்று உரிமைப் பட்டியல்கள் வரிசையாக வந்தன. ஆக, 1946 டிசம்பரில் தில்லியில் கூடியவர்கள் ஐரோப்பாவிலிருந்து புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. இங்கே இரண்டு மூன்று தலைமுறை சண்டை போட்டுப் பழகிய சரக்கு அது.

லாக், மாண்டெஸ்க்யூ, ரூசோ – பெயர்கள் மட்டும் காதில் விழுகின்றன. இவர்கள் என்னதான் சொன்னார்கள்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

அம்மா, மூவருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு: ராஜா. அவனைக் கட்டிப்போடுவது எப்படி?

அரசன் கடவுள் அனுப்பிய ஆள் இல்லை, மக்கள் தங்கள் உயிர், சுதந்திரம், சொத்து மூன்றையும் காப்பாற்றிக்கொள்ள வைத்துக்கொண்ட ஏற்பாடு என்றார் இங்கிலாந்தின் லாக். காப்பாற்றவில்லையா, மாற்றிக்கொள்ளலாம். இதில் சொத்து என்ற மூன்றாவது காலை நாம் 1978இல் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டோம். இப்போது அது 300ஏ பிரிவில் சாதாரணச் சட்ட உரிமையாக ஒதுங்கிக் கிடக்கிறது.

என் ஒயின் வியாபாரி மாண்டெஸ்க்யூதான். பிரான்சின் போர்தோ பக்கம் திராட்சைத் தோட்டங்கள் வைத்திருந்த பிரபு. அங்கே நீதிமன்றப் பதவி என்பது சொத்து மாதிரி. மாமா, சித்தப்பாவிடமிருந்து வரும், வேண்டாமென்றால் விற்கலாம். இவருக்கும் அப்படித்தான் வந்தது, 1726இல் விற்றுவிட்டார். பிறகு ஊர் சுற்றினார், இங்கிலாந்தில் இருந்து பார்த்தார், 1748இல் சட்டங்களின் சாரத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். சட்டம் செய்கிறவன், அதை நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் மூவரும் ஒரே ஆளாக இருந்தால் சுதந்திரம் செத்தது என்பது அதில் உள்ள புகழ்பெற்ற வாதம். பதவியை வாங்கி விற்ற மனிதர் என்பதால்தான் அதிகாரம் எப்படிப் புழங்கும் என்று அவருக்குத் தெரிந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ரூசோவோ ஒரு படி மேலே போய், ராஜாவே வேண்டாம், மக்களின் பொது விருப்பமே அரசு என்றார். 1762. அந்தப் பொது விருப்பத்தோடு ஒத்துப்போகாதவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில்தான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஒத்துப்போகும்படி கட்டாயப்படுத்தலாம், அதுவே அவனைச் சுதந்திரமாக்குவது என்கிறார்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒருவரை நான் சேர்க்க வேண்டும். மிலான் நகரத்து பெக்கரியா. அடுத்த கேள்விக்கு அவர்தான் பதில்.

தத்துவம் எல்லாம் சரி. சாதாரண மனிதனுக்கு இதனால் என்ன பயன்? ஓர் உதாரணம் காட்ட முடியுமா?
– மளிகைக்கடை உரிமையாளர், பரமக்குடி

ஞாயிற்றுக்கிழமை மாலை மாஜிஸ்திரேட் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாருங்கள், ஐயா.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் சீனியர் என்னை அடிக்கடி அங்கே அனுப்புவார். சனிக்கிழமை ராத்திரி பிடித்த ஆளைத் திங்கள்வரை ஸ்டேஷனில் வைத்திருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். கோர்ட்டு விடுமுறையா, வீட்டுக்குக் கொண்டு போ. அந்த மாஜிஸ்திரேட் வேட்டியோடு வராந்தாவில் வந்து உட்காருவார். உள்ளே தொலைக்காட்சி ஓடும். காவலில் வைக்க அனுமதி கேட்கும் ரிமாண்ட் காகிதத்தை ஏட்டு நீட்டுவார். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்ப்பார். ஏட்டைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "அடிச்சாங்களா?" என்று கேட்பார். ஒரு தடவை, சைக்கிள் திருட்டு என்று கொண்டுவந்த பையன் ஒருவன் பதில் சொல்லாமல் சட்டையைத் தூக்கிக் காட்டினான். மாஜிஸ்திரேட் ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து, எந்தத் தோள், எத்தனை அங்குலம், என்ன நிறம் என்று எழுதத் தொடங்கினார். ஏட்டுக்கு வியர்த்துப்போயிற்று. உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, திரும்ப இங்கே கொண்டுவா என்று உத்தரவு. ராத்திரி பதினொரு மணிக்கு நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அந்தப் பையனுக்கு அரசியல் சட்டம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்காது. ஆனால் அந்த வராந்தாவில் அவனுக்காக 22ஆம் பிரிவு நின்றது: கைதுக்குக் காரணம் சொல், வக்கீலைப் பார்க்கவிடு, 24 மணி நேரத்துக்குள் நிறுத்து. 20ஆம் பிரிவு நின்றது: நேற்று குற்றமாக இல்லாததற்கு இன்று தண்டிக்காதே, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்காதே, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தாதே. இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஆங்கிலேய வழக்குமன்ற மரபு இருக்கிறது. சித்திரவதையால் வருகிற வாக்குமூலம் உண்மையைக் காட்டாது, உடம்பின் வலுவைத்தான் காட்டும் என்று 1764இல், தன் 26ஆம் வயதில், பெயர்போடாமல் ஒரு சிறு நூல் எழுதிய பெக்கரியாவும் இருக்கிறார். வலுவான குற்றவாளி தப்புவான், மெலிந்த நிரபராதி ஒப்புக்கொள்வான் என்பது அவர் கணக்கு. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற நம் சாட்சியச் சட்ட விதியும் இதே சந்தேகத்தில் பிறந்ததுதான்.

இதே 22ஆம் பிரிவின் கீழ்ப்பாதியைப் படித்தால் ஆத்திரம் வரும். மேல்பாதி கொடுத்ததை எல்லாம் தடுப்புக் காவல் என்ற பெயரில் கீழ்ப்பாதி பிடுங்கிக்கொள்கிறது. குற்றம் செய்தாய் என்று அல்ல, செய்யக்கூடும் என்று உள்ளே வைப்பது. 1950இலேயே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையிலிருந்து இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றார். நம் ஊரில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குண்டர் சட்டம் என்று குழந்தையும் சொல்லும். ஓராண்டு வரை விசாரணை இல்லாமல் உள்ளே இருக்கலாம். வெள்ளைக்காரன் தங்களைப் பிடித்துப் போட்ட அதே முறையை, சிறையிலிருந்து வந்த தலைவர்களே அடிப்படை உரிமை அத்தியாயத்துக்குள் எழுதி வைத்தார்கள். பிரிவினைக் கலவரமும் தெலங்கானா ஆயுதப் போராட்டமும் கண்ணெதிரே இருந்த காலம் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

மாண்டெஸ்க்யூ சொன்ன அதிகாரப் பிரிவினை நம் நாட்டில் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற வட்டாட்சியர், தருமபுரி

உங்களுக்குத் தெரியாததா, ஐயா? நீங்களே நிர்வாக நடுவராக, அதாவது வருவாய்த் துறை மாஜிஸ்திரேட்டாக, கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்!

முழுப் பிரிவினை வேண்டுமென்று கே.டி. ஷா சபையில் திருத்தம் கொண்டுவந்தார். தோற்றது. மந்திரி சபையே சட்டமன்றத்திலிருந்து பிறக்கிற முறையில் அது சாத்தியமில்லை. கிடைத்தது 50ஆம் பிரிவு: நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறி. வெள்ளைக்காரக் கலெக்டர் வரியும் வசூலிப்பார், போலீசையும் ஏவுவார், தண்டனையும் கொடுப்பார். காங்கிரஸ் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கோரிக்கை இருந்தது. நாடு முழுதும் ஒழுங்காகப் பிரிந்தது 1974 ஏப்ரலில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தபோதுதான். அப்படியும் அமைதி காக்கப் பிணை வாங்கும் 107, கூட்டம் கூடத் தடை போடும் 144 என்று நமக்குப் பழக்கமான விவகாரங்கள் இன்றும் வருவாய்த் துறை மேசையில்தான் இருக்கின்றன, எண்கள் மட்டும் 2024இல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் மாறியிருக்கின்றன.

ரூசோவைப் பிடிக்குமா?
– வாசகர், சேலம்

குழந்தை வளர்ப்பைப் பற்றி உலகமே கொண்டாடும் நூல் எழுதியவர். தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டவர். எழுத்து பிடிக்கும், பக்கத்து வீட்டில் குடி வைக்க மாட்டேன்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து வந்ததா, புத்தரிடமிருந்து வந்ததா? அம்பேத்கர் என்ன சொன்னார்?
– பள்ளி ஆசிரியை, விழுப்புரம்

1954 அக்டோபரில் வானொலி உரையில் அவரே தெளிவாகச் சொன்னார்: இதைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், என் குருவான புத்தரின் போதனையிலிருந்து எடுத்தேன்.

அதை மதிக்கிறேன். கூடவே 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் அவர் பேசியதையும் நினைவில் வைக்கிறேன். குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காகக் கூடிய அந்தக் கூட்டத்தை அவர் ஒப்பிட்டது எதனோடு தெரியுமா? 1789இல் பிரான்சில் கூடிய தேசிய சபையோடு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவவாதி ஜான் டூயியிடம் படித்தவர், பிரெஞ்சு வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க வேண்டுமென்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? மனிதன் ஒரே ஊற்றில்தான் குடிக்க வேண்டுமா?

உங்கள் மாணவர்களுக்குச் சொல்லத் தக்க இன்னொரு விஷயம் இருக்கிறது, அம்மா. 1946 டிசம்பர் 13 அன்று நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் நீதி இருக்கிறது, சுதந்திரம் இருக்கிறது, சமத்துவம் இருக்கிறது. சகோதரத்துவம் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் முகவுரையில் அதைச் சேர்த்தது. 1948 பிப்ரவரி 21 அன்று வரைவை அனுப்பிய கடிதத்தில் காரணமும் எழுதினார்: சகோதர இணக்கம் இப்போது தேவைப்படுவதுபோல் இந்தியாவில் எப்போதும் தேவைப்பட்டதில்லை. தேதியைப் பாருங்கள். காந்தி சுடப்பட்டு மூன்று வாரம்.

அடிமை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தவர் லாக். நம்மைக் காட்டுமிராண்டிகள் என்றவர்கள் மற்றவர்கள். இவர்களுக்கா நாம் நன்றி சொல்ல வேண்டும்?
– முதுகலை மாணவி, மதுரை

நன்றி சொல்லுங்கள் என்று நான் எங்கே சொன்னேன், அம்மா? உங்கள் கோபம் நியாயம்தான். இன்னும் கொஞ்சம் விறகு போடுகிறேன்.

லாக் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்குதாரர் மட்டுமல்ல. 1669இல் அமெரிக்கக் குடியேற்றமான கரோலினாவுக்காக எழுதப்பட்ட ஆட்சி விதிகளில் அவர் கையும் உண்டு. நீக்ரோ அடிமைகள்மேல் எசமானுக்கு முழு அதிகாரம் என்று சொல்கிறது அது. பெண்களின் உரிமைப் பிரகடனம் என்று 1791இல் எழுதிய ஒலிம்ப் தெ கூஜை இரண்டு வருடத்தில் அதே புரட்சி கில்லட்டினில் ஏற்றியது. அடுத்த நூற்றாண்டுக்கு வந்தால் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்கினார். வேலை போன மறுவருடம் சுதந்திரத்தைப் பற்றி உலகப் புகழ்பெற்ற நூலை வெளியிட்டு, இது பக்குவம் வராத சமூகங்களுக்குப் பொருந்தாது, அங்கே சர்வாதிகாரம் சரிதான் என்று ஒரு வரியும் போட்டார். பக்குவம் வராத சமூகம் என்று அவர் மனத்தில் யார் இருந்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அவருடைய தகப்பனாரோ இந்தியா பக்கமே தலைகாட்டாமல் இந்திய வரலாறு எழுதிய மகான்.

ஆனால் இவர்களுடைய இரட்டை நாக்கை அம்பலப்படுத்திவிட்டு நிறுத்திக்கொண்டால், நம்மவர்கள் செய்த பெரிய காரியம் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்த ஐரோப்பியர்களின் பயம் முழுவதும் ராஜாவின்மேல் என்று சொன்னேன் அல்லவா? அரசைக் கட்டிப்போட்டால் மனிதன் தானாகச் சுதந்திரமாவான் என்று நம்பினார்கள். அமெரிக்க உரிமைப் பட்டியல் முழுக்க அரசைப் பார்த்தே பேசுகிறது: நீ இதைச் செய்யாதே, அதைத் தொடாதே. நம் சபையில் உட்கார்ந்திருந்த சிலருக்கு வேறொரு அனுபவம் இருந்தது. அவர்களைத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவிடாமல் தடுத்தது வெள்ளைக்கார அரசு இல்லை, பக்கத்து வீட்டுக்காரன். கிணற்றை மறித்தது கவர்னர் இல்லை, ஊர்.

அதனால் 15ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அரசைப் பற்றிப் பேசவே இல்லை. கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், குளியல் துறை, சாலை என்று வரிசையாகப் பெயர் சொல்லி, இங்கெல்லாம் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் யாரும் தடுக்கக் கூடாது என்கிறது. மாண்டெஸ்க்யூவின் கனவில் கிணறு வந்திருக்குமா? 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவத்தில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்கிறது. 23 கொத்தடிமையைத் தடுக்கிறது, கொத்தடிமை வைத்திருப்பவன் தனியாள்தான். இவை மூன்றும் நேராகத் தெருவைப் பார்த்துப் பேசுகின்றன.

1948 நவம்பர் 29 அன்று நடந்த விவாதத்தை நேரம் கிடைத்தால் படியுங்கள். கடை என்றால் என்ன என்று உறுப்பினர்கள் துருவுகிறார்கள். சலவைக் கடை சேருமா, முடிதிருத்தும் கடை சேருமா? பெரிய தத்துவச் சபையில் சவரக் கடையைப் பற்றிய விசாரணை! அம்பேத்கர் சலிக்காமல் பதில் சொல்கிறார்: தன் சேவையை நாடி வருகிறவர் எவருக்கும் அதைத் தரத் தயாராக இருக்கிற இடம் எதுவோ அது கடை. அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு 2011இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்வி நிறுவனங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அதே நவம்பர் 29இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவும் நிறைவேறியது. சபை எழுப்பிய முழக்கம் மகாத்மா காந்திக்கு ஜே. எனக்கென்னவோ அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம், முன்வரிசையில் அம்பேத்கரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசனை போகும்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிடுகிறேன். ஆதிவாசிகளின் பிரதிநிதியாக வந்த ஜெய்பால் சிங் முண்டா, ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹாக்கி அணியின் தலைவர், 1946 டிசம்பரில் எழுந்து சொன்னார்: பழங்குடி மக்களுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுக்கொடுக்க முடியாது, அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். மில் அன்று உயிரோடு அந்தச் சபையில் இருந்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார் என்று நம்புவோம்.

எல்லோரும் சமம் என்றால் இட ஒதுக்கீடு எதற்கு? அறிவொளித் தத்துவத்துக்கே இது முரண் இல்லையா?
– பொறியாளர், கோவை

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நீங்கள் இல்லை, சென்னை உயர் நீதிமன்றம். வருடம் 1950.

அப்போது சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு அமலில் இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் – இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி மருத்துவ இடத்துக்காக வழக்குப் போட்டார். விண்ணப்பமே போடாமல் வழக்குப் போட்டவர் என்பது வக்கீல்கள் இன்றும் சுவைத்துப் பேசும் தகவல். அரசியல் சட்டம் தனிமனிதரைத்தான் பார்க்கிறது, இந்த உத்தரவு சாதியைப் பார்க்கிறது, ஆகவே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. சுத்தமான பதினெட்டாம் நூற்றாண்டுச் சமத்துவம்.

பெரியார் தெருவில் இறங்கினார். தமிழ்நாடு கொந்தளித்தது. 1951 ஜூனில், சட்டம் அமலுக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட நிறையாத நிலையில், முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது: பிற்படுத்தப்பட்டோரின் முன்னேற்றத்துக்காக அரசு தனி ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது.

முரண் இல்லையா என்று கேட்கிறீர்கள். 1789இல் பிரான்சில் சமத்துவம் என்று கத்தியவனுக்கு எதிரே இருந்தது பிரபுவின் பட்டயம். பட்டயத்தைக் கிழித்தால் பிரபு சாதாரண மனிதன். இங்கே கிழிப்பதற்குப் பட்டயம் எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் வராதவர்கள் இருந்தார்கள். கதவைத் திறந்துவிட்டோம், எல்லோரும் சமம், ஓடி வாருங்கள் என்று சொன்னால் முன்பே உள்ளே இருந்தவர்கள்தான் உட்கார இடம் பிடிப்பார்கள். சமத்துவம் என்ற குறிக்கோளை ஐரோப்பாவோடு பகிர்ந்துகொள்கிறோம். அங்கே போகிற வழியை நம் மாகாணம் தன் சொந்தச் சண்டையில் கண்டுபிடித்துக்கொண்டது. நீங்கள் இந்த வழியை ஏற்காமல் இருக்கலாம், விவாதிக்கலாம். தத்துவத்துக்கு முரண் என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

அதே முதல் திருத்தத்தின் மறுபக்கமும் சென்னை வழக்குதான். ரொமேஷ் தாப்பரின் கிராஸ் ரோட்ஸ் வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது, 1950 மேயில் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. திருத்தத்தில் பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சேர்த்துப் பேச்சுரிமையின் வேலியை உயர்த்தினார்கள். ஒரே திருத்தம், ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது.

இவ்வளவு பெரிய புத்தகமாக ஏன் எழுதினார்கள்? அமெரிக்கச் சட்டம் சட்டைப்பைக்குள் அடங்குமாமே?
– வாசகர், நாகர்கோவில்

அம்மு சுவாமிநாதனும் இதையேதான் கேட்டார். சென்னையிலிருந்து போன உறுப்பினர். கைப்பையில் எடுத்துப்போகிற அளவுக்குச் சிறிய புத்தகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இப்படிப் பெருத்துவிட்டதே என்றார். அப்போது 395 பிரிவு, 8 அட்டவணை. நிர்வாக விவரத்தை எழுதி வைக்காவிட்டால், சட்டத்தின் வடிவத்தைத் தொடாமலேயே நிர்வாகத்தை வைத்து அதன் உயிரை எடுத்துவிடுவார்கள் என்பது அம்பேத்கரின் பயம். அது வீண் பயம் இல்லை.

மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் செய்த திருத்தத்தை, யாரும் தேர்ந்தெடுக்காத நீதிபதிகள் ரத்து செய்வது எந்த ஊர் ஜனநாயகம்?
– கூட்டுறவு வங்கி ஊழியர், திண்டுக்கல்

ரூசோ ஊர் ஜனநாயகத்தில் முடியாது. மாண்டெஸ்க்யூ ஊரில் முடியும். நாம் இரண்டு ஊருக்கும் நடுவில் வீடு கட்டியிருக்கிறோம்.

இந்தத் தயக்கம் தொடக்கத்திலேயே இருந்தது. சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா போனபோது, அங்குள்ள உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரே, எங்கள் சட்டத்தில் இருப்பது போன்ற நியாயமான நடைமுறை என்ற வாசகத்தைப் போடாதீர்கள், நீதிபதிகள் கையில் ரொம்ப அதிகாரம் போய்விடும் என்று எச்சரித்தார். அதனால்தான் 21ஆம் பிரிவில், சட்டம் வகுத்த நடைமுறை என்ற மெலிந்த வாசகம் வந்தது. கோபாலன் தோற்றதற்கு அதுவும் காரணம். 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிபதிகள், நடைமுறை என்றால் நியாயமான நடைமுறைதான் என்று பொருள் சொல்லி, முன்வாசலில் மறுக்கப்பட்டதைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்தார்கள்.

அதற்கு முன்பே, 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கு. 13 நீதிபதிகள், 68 நாள் வாதம், 7க்கு 6. நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் உடைக்கக் கூடாது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் கதையே வேறு. அப்படி ஒரு நூலிழையில் தொங்குகிற கோட்பாடு இது என்று அப்போது எதிர்த்தவர்கள் சொன்னார்கள். நான்கு வருடத்துக்குள் அவசரநிலை வந்து போனது. எதிர்த்தவர்களில் பலர் பிறகு இந்தக் கோட்பாட்டின் பின்னால்தான் ஒதுங்கி நின்றார்கள்.

உங்கள் கேள்வியின் முள் இன்னும் குத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். நீதிபதிகளை யார் கேட்பது? அவர்களை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிற இன்றைய முறையைப் பார்த்தால் மாண்டெஸ்க்யூவே முகம் சுளிப்பார். ஆனால் இரண்டு பேரில் யாரிடம் கடைசி வார்த்தை இருக்கலாம் என்று என்னை நெருக்கினால், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய ஆளிடம் இருக்கட்டும் என்பேன். கையை உயர்த்தி வாக்களிக்கிறவர் காரணம் எழுத வேண்டியதில்லை.

இந்த வருடம் சட்டக் கல்லூரியில் சேர்கிறேன். அரசியல் சட்டத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?
– மாணவர், அரியலூர்

முகவுரையை எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். நீங்கள் 13ஆம் பிரிவில் தொடங்குங்கள். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிற பிரிவு அது. அதன் பல் முளைத்த பிறகே மற்றவை கடிக்கும். அடுத்து 15(2), 17, 20, 22, 32. பிறகு அரசியல் நிர்ணய சபை விவாதங்களில் 1948 நவம்பர், டிசம்பர் மாதப் பகுதிகள். நூலகத்தில் தடித்தடியாக, தூசியோடு இருக்கும். இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். உரைநூல்கள், வினா–விடைப் புத்தகங்கள் எல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு. மாண்டெஸ்க்யூவை அதற்கும் பிறகு படிக்கலாம், அவர் காத்திருந்து பழகியவர். சேர்ந்ததும் நல்ல சீனியர் ஒருவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ரிமாண்டுக்கு என்னை அனுப்புங்கள் என்று கேளுங்கள்.